பிழைத்து வா

ஐப்பசி 9, திங்கள்

என் பெயர் அஞ்சப்பன். வயது எழுபத்து நாலு. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பரஞ்சோதி வாத்தியார் எழுதுகிறார். நான் பேசுகிறபடியே எழுதினால் அவருக்குக் கை கூசுகிறதாம், அதனால் புத்தகத்துத் தமிழில்தான் எழுதுவாராம். எழுதட்டும். வார்த்தை அவருடையது, நடந்தது என்னுடையது.

எங்கள் துறையில் கடலுக்குப் போகிற படகெல்லாம் சங்கத்துச் சன்னலில் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். முப்பத்தொரு வருடமாக அந்தச் சன்னலில் இருப்பவன் நான். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். படகின் முகப்பில் பார்த்துப் பார்த்துப் பழகியது. சுவரில் ஒரு பலகை, பலகை நிறைய ஆணி. படகு போனால் அதன் தகர வில்லையை ஆணியில் மாட்டுவேன், திரும்பினால் கழற்றுவேன். வில்லை தொங்கினால் படகு கடலில் இருக்கிறது. இனி அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்யுமாம். நாற்பது நாள் மட்டும் நான் இயந்திரத்தைத் தொடாமல் கூட இருந்து, கண்டதைத் தினமும் சொல்லி எழுதிவைக்க வேண்டும், பிறகு இரண்டையும் ஒத்துப் பார்ப்போம் என்று சங்கத் தலைவர் சொன்னார். அதற்குத்தான் இந்த நோட்டு.

முதல் நாளே அது மானத்தை வாங்கிவிட்டது. ஆறாவது படகின் எண்ணைத் தட்டியதும் திரையில் ஏதேதோ எழுத்து வந்து அப்படியே நின்றுவிட்டது. கிளார்க் குணாளன் எதை அமுக்கியும் அசையவில்லை. முகத்துவாரத்தில் நாற்பது படகு நின்று ஹாரன் அடித்தன. "என்ன பெரியப்பா, பந்தியில சோறு தீந்துபோச்சா?" என்று ஒருவன் கத்தினான். நான் பலகையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் அனுப்பிவைத்தேன். சீட்டை நீட்டும்போது நான் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. போய் வா என்று சொல்ல மாட்டேன். "பொழைச்சு வா" என்பேன். வாத்தியார் அதைப் பிழைத்து வா என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானாம்.

கோழிக்கூண்டின் கதவைச் சரிசெய்ய வேண்டும்.

ஐப்பசி 11, புதன்

இந்தக் கம்ப்யூட்டர் வேலையைச் செய்துகொடுத்த பெண் வந்திருந்தாள். பெயர் ஜெசிமா, நாகூர்ப் பக்கம். முப்பது வயதிருக்கும். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். நான் வாங்கிக் கொடுத்த டீ ஆடை கட்டிப்போனது.

என்னம்மா கோளாறு என்று கேட்டேன். குணாளனிடம் சொல்வதுபோல எனக்கும் பொறுமையாகச் சொன்னாள். "எங்கேயாவது எர்ரர் வந்தா முழு வேலையும் நின்னுடுதுங்கய்யா. அதான் இப்ப நடுவுல ஒரு வலை விரிச்சுட்டேன். எர்ரர் அதுல விழும். விழுந்ததும் சிவப்பா ஒரு பெட்டி வந்து சொல்லும், உள்ளுக்குள்ள ஒரு குறிப்பேட்டுல தேதி நேரத்தோட எழுதிக்கும். அப்புறம் வேலை அதுபாட்டுக்கு ஓடும். படகு நிக்காது."

"வலையில விழுந்தத யாரும்மா இழுத்துப் பாப்பா?"

அவள் சிரித்தாள். பெட்டியிலேயே விவரம் வந்துவிடும், எல்லாவற்றையும் தமிழில்தான் போட்டிருக்கிறேன், படித்தாலே புரியும் என்றாள்.

போகும்போது ஒரு படகில் அதிகபட்சம் எத்தனை பேர் போவார்கள் என்று கேட்டாள். "எட்டு. மிஞ்சிப் போனா ஒம்பது" என்றார் தலைவர். அப்படியே தட்டிக்கொண்டாள். ஒன்பதுக்கு மேல் ஏறிப் போன படகுகள் எனக்கு மூன்று ஞாபகம் இருக்கின்றன. சுனாமிக்கு முந்தின மாசியில் ஒன்று பதினொரு பேரோடு போனது. தலைவர் பேசும்போது குறுக்கே பேசுவது முறையல்ல என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசி 12, வியாழன்

நாற்பத்து மூன்று போயின. இயந்திரமும் நாற்பத்து மூன்று என்றது.

ஐப்பசி 16, திங்கள்

குணாளனுக்கு விடிந்ததும் டீ குடிக்காவிட்டால் கண் திறக்காது. அவன் போய்விட்டு வரும் வரைக்கும் நான் சன்னலைப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வரும் படகுகளையும் நான்தான் முதலில் சொல்கிறேன். முகத்துவாரத்துக்கு வெளியே எஞ்சின் சத்தம் கேட்கும்போதே இது யார் படகு என்று எனக்குத் தெரியும். அந்தக் காதை இன்னும் கடவுள் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று ஓர் அதிசயம். செல்வமதி என்று புதுப் படகு ஒன்று போன வாரம்தான் துறைக்கு வந்தது. அதன் எண் ஏறியதும் திரையில் சிவப்புப் பெட்டி விழுந்தது, மணிபோல ஒரு சத்தம். எனக்குத் திக்கென்றது. படகில் வந்தவன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பெரிய எழுத்தில் இருந்த ஒற்றை வார்த்தையைப் படித்துச் சொன்னான். கீழே பொடி எழுத்தும் இருக்கிறது, கண்ணாடி கொண்டுவரவில்லை என்றான். பெரிய எழுத்தில் இருந்தது என் வார்த்தை. நான் சீட்டு கொடுக்கும்போது சொல்வேனே, அதேதான். கம்ப்யூட்டரில் தட்டுகிற சாவிகளில் அகலமானதை அமுக்கினால் பெட்டி போய்விடுகிறது, சீட்டு அதுபாட்டுக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பெண் என் வார்த்தையைக் கேட்டு வைத்திருந்து உள்ளே போட்டிருக்கிறாள். புதுப் படகு என்று இயந்திரத்துக்கும் தெரிகிறது. வாத்தியாரிடம் சொன்னேன். "பரவாயில்லையே, விவரமான பொண்ணு" என்று எழுதிக்கொண்டார்.

ஐப்பசி 20, வெள்ளி

கடலுக்குப் போகாத நாள். அலுவலகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பலகையைக் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டான் குணாளன். "இன்னும் நாப்பது நாள் முடியலப்பா" என்றேன். கம்ப்யூட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது என்றான். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீலவேணி என்று இன்னொரு புதுப் படகு வந்திருக்கிறது. அதற்கும் அந்தப் பெட்டி விழுகிறது. போகும்போதும் விழுகிறது, வரும்போதும் விழுகிறது.

ஐப்பசி 25, புதன்

மகள் மலர்க்கொடி குழம்பு கொண்டுவந்தாள். உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை இளவழகன் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து இரண்டு மாதமாகிறது. வீட்டில் இருந்தால் இருவருக்கும் பேச்சு வளர்கிறதாம். "கடலுக்காவது கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கப்பா. கரையிலயே உக்காந்திருந்தா அவருக்கும் பைத்தியம் புடிச்சிரும், எனக்கும் புடிச்சிரும்."

தையல்நாயகி படகின் டிரைவர் வைரக்கண்ணுவை வலைக்கூடத்தில் பார்த்தேன். அவன் படகில் ஒன்பது பேர் நிறைந்துவிட்டது. நான் கேட்டதற்காக ஒத்துக்கொண்டான். "உங்க மாப்பிள்ளைக்கு இடமில்லைன்னா சொல்லப்போறேன்? ஐஸ் பெட்டி மேல உக்காந்துட்டு வரட்டும்."

முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்த்தேன். வீச்சம் போகவில்லை.

ஐப்பசி 30, திங்கள்

தையல்நாயகி இன்று விடிகாலையில் போனது. கடலிலேயே ஐந்து நாள் தங்கல், சனிக்கிழமை திரும்ப வேண்டும். அதோடு சேர்த்துத் தங்கலுக்குப் போனவை பன்னிரண்டு படகு.

குணாளன் டீக்குப் போயிருந்தான். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். கடலுக்கு யாராவது வெள்ளைச் சட்டை போடுவார்களா. கேலி செய்து சட்டையைக் கழற்றவைத்தார்கள். படகின் எண், ஆள் பத்து. பெட்டி விழுந்தது. பழைய படகு ஆயிற்றே என்று யோசித்தேன். பிறகு புரிந்தது. படகு பழசு, ஆள் புதுசு. அதற்குத்தான். வாயாலும் சொன்னேன், இயந்திரமும் சொன்னது. மனசு நிறைந்து சீட்டைக் கொடுத்தேன்.

கார்த்திகை 1, செவ்வாய்

தெற்கே மேகம் ஏறுகிறது. கோழிகள் சீக்கிரம் அடைந்துவிட்டன.

கார்த்திகை 2, புதன்

புயல் அறிவிப்பு மத்தியானம் வந்தது. வெள்ளிக்கிழமை கரையைத் தொடுமாம். கடலில் இருக்கிற படகுகளின் பட்டியலைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினார்கள். அவர்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படகாக வயர்லெஸில் கூப்பிட்டுத் திரும்பச் சொல்வார்கள். அவ்வளவு தூரத்தில் செல்போன் எடுக்காது.

நாலரை மணிக்கு ஒலிபெருக்கியில் படகுகளின் பெயரைப் படித்தார்கள். குடும்பத்துக்காரர்கள் கூடி நின்றார்கள். நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். பதினொன்றில் நின்றது. காற்று, கூட்டம், பெண்களின் பேச்சு. என் காதும் இப்போது முன்போல இல்லை. ஏதோ ஒரு பெயர் காற்றில் போயிருக்கும் என்று வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன்.

மலர்க்கொடி கூட்டத்துக்கு வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல்.

கார்த்திகை 3, வியாழன்

விடிந்ததும் சன்னலுக்குப் போனேன். குணாளனிடம் பட்டியலை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பதினொன்று. தையல்நாயகி இல்லை.

"அது கரையில நிக்குதுன்னு காட்டுது பெரியப்பா" என்றான். "புயல்னதும் ஓடைக்குள்ள ஏத்திக் கட்டியிருப்பாங்க."

"திங்கக்கிழமை நான்தானே சீட்டு குடுத்தேன்."

"நீங்க குடுத்தீங்களா?"

நான் படி இறங்கிவிட்டேன். இரண்டு பேரும் ஓடைக்குப் போனோம். முழங்கால் வலி தெரியவில்லை. புயலுக்கு ஒதுங்கிய படகுகள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தையல்நாயகி கட்டுகிற இடத்தில் இரண்டு முளையும் ஒரு பழைய டயரும் இருந்தன.

திரும்பி வந்ததும் அவன் புதிதாக எழுதப் பார்த்தான். படகின் எண், புறப்பட்ட தேதி, ஆள் பத்து. சிவப்புப் பெட்டி விழுந்தது. எனக்கு உயிர் வந்தது. "பாத்தியா, பொழைன்னு சொல்லுது. அன்னைக்கும் இதான் சொல்லுச்சு" என்றேன்.

குணாளன் என் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பெரியப்பா, இது அந்தப் பிழை இல்ல. பிழைன்னா தப்பு. தப்பாப் போச்சு, நான் எழுதிக்கலைன்னு சொல்லுது."

பொடி எழுத்தையும் படித்தான். ஆட்களின் எண்ணிக்கை கட்டத்தில் அடங்கவில்லை, பதிவு சேமிக்கப்படவில்லை. ஒற்றை எண்ணுக்குத்தான் அங்கே கட்டம் இருக்கிறதாம். பத்து என்றால் இரண்டு எண்.

நாலு நாளாக அந்தப் படகு கடலில் இல்லை. கரையிலும் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் அதைக் கூப்பிட ஆளில்லை. ஐந்து நாள் தங்கல் என்று வீட்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

"ஒம்பதுன்னு போட்டா எடுத்துக்கும்" என்றான் குணாளன். "போடட்டா?"

"எந்த ஒருத்தன விட்டுட்டு?"

அவன் கை சாவிக்கு மேலேயே நின்றது. பிறகு சாவியை விட்டுவிட்டுப் போனை எடுத்தான். கட்டுப்பாட்டு அறையில் பேசியவர் பெயர்களைக் கேட்டார். நான் சொன்னேன். வைரக்கண்ணு, அப்பா பெயர் சிங்காரம். அவன் தம்பி தனவேலு. எஞ்சின் பார்க்கிற உத்திராபதி. திங்கட்கிழமை அவர்கள் ஏறின வரிசையிலேயே சொன்னேன். பத்தாவது இளவழகன். அப்பா பெயர் கேட்டார்கள். மாமனாரான என் பெயரைச் சொல்லிவிட்டேன். குணாளன் திருத்தினான்.

பத்து மணிக்கு அங்கிருந்து போன் வந்தது. தையல்நாயகி ஒரு தடவை பதில் கொடுத்தது, திரும்புவதாகச் சொன்னது. அதற்குப் பிறகு சத்தமில்லை.

வாத்தியார் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டார். ஐப்பசி 16 எழுதிய பக்கத்தைத் திருப்பிப் படித்தார். "நானே எழுதியிருக்கேன் அஞ்சப்பா. எனக்கும் உறைக்கல" என்றார்.

கார்த்திகை 4, வெள்ளி

கூரைத் தகரம் ஒன்று பறந்துவிட்டது. தகவல் இல்லை.

கார்த்திகை 5, சனி

பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். மழை விடவில்லை. பதினொரு படகும் நேற்றுக்கு முந்தின நாளே வந்து சேர்ந்துவிட்டன. அந்த வீட்டுப் பெண்கள் மலர்க்கொடியைப் பார்க்கும்போது பேச்சைத் தாழ்த்துகிறார்கள்.

அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் தூங்கியது. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "உங்ககிட்ட சீட்டு வாங்கிட்டுத்தானேப்பா போனாரு? அப்புறம் பேரு எப்படி விட்டுப்போச்சு?"

மெஷின் புதுசும்மா என்றேன்.

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சங்கம் கொடுத்த சாம்பார் சாதத்தை இரண்டு பேரும் தொடவில்லை. கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. வாசலில் யாராவது வந்தால் செருப்புச் சத்தத்தை வைத்தே யார் என்று தெரிந்துகொள்கிறேன். தெரியாத செருப்பு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

கார்த்திகை 6, ஞாயிறு

தெரியாத செருப்பு இல்லை, குணாளன்தான். ஓடி வந்ததில் வார் அறுந்து இழுத்துக்கொண்டு வந்ததால் எனக்குச் சத்தம் பிடிபடவில்லை. வடக்கே நாலு துறை தாண்டி மணல்திட்டில் தையல்நாயகி ஏறிக் கிடக்கிறது.

"பத்துப் பேரும் பொழைச்சுட்டாங்க பெரியப்பா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் முதலில் எனக்குப் பயம்தான் வந்தது. எந்தப் பொழை என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். "உசிரோட இருக்காங்க" என்றான்.

மலர்க்கொடி பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு வெளியே மழையில் போய் நின்றாள்.

வைரக்கண்ணுவுக்கு மட்டும் வலது கால் போய்விட்டது. கரைக்கு இன்னும் ஆறேழு மணி நேரம் இருக்கும்போது காற்றில் மாட்டிக்கொண்டார்கள். வலை இழுக்கிற உருளை பெயர்ந்து அவன் காலில் விழுந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கார்த்திகை 8, செவ்வாய்

சங்கத்தில் விசாரணை. ஜெசிமாவும் வந்திருந்தாள். தலைவர், உறுப்பினர்கள், தையல்நாயகி வீட்டு ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஜெசிமா அந்த உள் குறிப்பேட்டைத் திறந்தாள். முன்பு சொன்னாளே, வலையில் விழுவதையெல்லாம் தேதி நேரத்தோடு எழுதிக்கொள்ளும் என்று, அதுதான். பதினேழு தடவை விழுந்திருக்கிறது. பதினேழிலும் குணாளன் பெயர். அவன் பெயரைப் போட்டுத்தான் காலையில் இயந்திரத்தைத் திறப்பது.

"பதினேழு வாட்டி தப்புன்னு கத்தியிருக்கு, பதினேழு வாட்டியும் மூடிட்டு டீ குடிக்கப் போயிருக்கான்" என்றார் தலைவர். வேலையை விட்டு எடுப்பதோடு போலீசிலும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். குணாளன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என் பக்கம் திரும்பவில்லை. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

ஜெசிமா படிக்கத் தொடங்கினாள். ஐப்பசி பதினாறு என்றதும் நான் எழுந்துவிட்டேன்.

"செல்வமதி. போகும்போது. மறுநாள் காலையில வரும்போது" என்றேன். "பதினேழு, நீலவேணி போகும்போது. பதினெட்டு, நீலவேணி வந்துச்சு, கொஞ்ச நேரத்துல செல்வமதி திரும்பப் போச்சு. பத்தொம்பது, செல்வமதி வந்துச்சு. அன்னைக்கு அதுல வந்தவன் தலையில துண்டு கட்டியிருந்தான், மீன் முள்ளு குத்தி."

ஜெசிமா திரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஐப்பசி இருபத்தொன்பது வரைக்கும் பதினாறு சொல்லி முடித்தேன்.

"எல்லாம் ஜோடி ஜோடியா இருக்கு" என்றாள் அவள். "ரெண்டு புதுப் படகோட எண்ணும் உள்ள பட்டியல்ல ஏறவே இல்ல, அதான் போறதுக்கு ஒன்னு, வர்றதுக்கு ஒன்னு. கடைசி மட்டும் ஒத்தையா நிக்குது."

"திங்கக்கிழமை, தையல்நாயகி" என்றேன். "பதினேழும் நான் அமுக்குனது. அவன் டீ குடிக்கத்தான் போனான். சாவியில கை வச்சது நான். பொழைன்னு எனக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன்."

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். மலர்க்கொடி வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மாப்பிள்ளையை ஐஸ் பெட்டி மேல் ஏற்றிவிட்டதும் நான்தான் என்று அவளுக்கு முன்பே தெரியும். இப்போது இதுவும் தெரிந்துவிட்டது.

தலைவர் ஏதோ சொல்ல வந்தார். ஜெசிமா முந்திக்கொண்டாள். "வலை விரிச்சது நான். இருபது நாளா ஒரு தடவைகூட இழுத்துப் பாக்கல. எழுதாத படகுக்குச் சீட்டு வர்ற மாதிரி விட்டதும் நான்தான்." என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க அன்னைக்கே கேட்டீங்கய்யா. நான் சிரிச்சுட்டேன்."

குணாளனை ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். என்னை இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகை 12, சனி

ஜெசிமா மாற்றி அமைத்துக்கொண்டிருக்கிறாள். படகு எழுதப்படாவிட்டால் இனிச் சீட்டு வராது. ஆள் எத்தனை பேரானாலும் கட்டம் கொள்ளும். பெட்டி ஒற்றைச் சாவிக்கு மூடாது. படகின் பெயரைக் கிளார்க் தட்டினால்தான் மூடும். தினமும் சாயங்காலம் உள் குறிப்பேட்டைச் சத்தமாகப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பெட்டியில் என்ன வார்த்தை போடுவது என்பதில்தான் இழுபறி. பிழை வேண்டாம், தவறு என்று போட்டுவிடலாமா என்றாள்.

"வேணாம்மா. தவறிட்டான்னா எங்க ஊர்ல செத்துட்டான்னு அர்த்தம். படகு பேருக்குக் கீழ அதப் படிச்சாங்கன்னா பொம்பளைங்க மண்ண வாரித் தூத்துவாங்க."

ஒரு வார்த்தை பிழைக்கச் சொல்கிறது, ஒரு வார்த்தை சாகச் சொல்கிறது, இரண்டுக்கும் தப்பு என்றும் பொருள் இருந்தால் நான் என்னதான் செய்வது என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அன்று குணாளன் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. எழுதிக்கலை என்றே போட்டுவிடு என்றேன். அப்படியே போட்டாள். எழுத்து தெரியாதவர்களுக்காகக் குரலிலும் வர வேண்டும் என்று என்னையே சொல்லச் சொல்லிப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள்ளிருந்து என் குரல் வந்தபோது செத்தவன் பேசுவதுபோல இருந்தது.

மலர்க்கொடி குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உட்காரவில்லை.

கார்த்திகை 15, செவ்வாய்

படகுகள் மறுபடி போகத் தொடங்கிவிட்டன. குணாளன் வேலைக்கு வந்துவிட்டான். டீயைச் சன்னலுக்கே வரவழைத்துக் குடிக்கிறான். என்னை எண் தட்ட விடுவதில்லை, ஆனால் உட்காரச் சொல்கிறான். ஏழாவது படகின் எண்ணைத் தட்டிவிட்டு அவன் கூடை தூக்கிவிட வெளியே இறங்கியதும் பெட்டி விழுந்தது. எழுதிக்கலை என்றது என் குரல். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்று கத்தினேன். பின்னால் முப்பது படகு ஹாரன் அடித்தன, வாயில் வந்ததையெல்லாம் திட்டினார்கள். குணாளன் ஓடி வந்து பார்த்தான். அவன் தட்டிய எண்ணில் ஒன்று மாறியிருந்தது, அவ்வளவுதான். கையை அவிழ்க்க எனக்கு வெகு நேரம் ஆனது.

மத்தியானம் வைரக்கண்ணுவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடக்கிறான். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க மட்டும் வியாழக்கிழமை காலையில பேர் சொல்லலன்னா நாங்க பத்துப் பேரும் இல்ல மாமா" என்றான். "நல்ல நேரத்துல ஞாபகம் வந்துச்சு உங்களுக்கு. புதன்கிழமை சாயங்காலமே கூப்பிட்டிருந்தாங்கன்னா காத்துக்கு முன்னாடி கரை ஏறியிருப்போம், காலும் இருந்திருக்கும். அதுக்கு யாரு என்ன பண்றது."

அவன் மனைவி மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

வாத்தியார் வீட்டுக்கு வந்து கார்த்திகை 2 எழுதின பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். எதையும் அடிக்க வேண்டாம், கீழே இடமிருந்தால் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். இடம் இல்லை என்றார். இங்கேயே எழுதச் சொன்னேன்.

அன்று மாலை ஒலிபெருக்கியில் பதினொரு பெயர் படித்தார்கள், தையல்நாயகி இல்லை. சாவியில் கை வைத்தது தெரிந்துவிடுமே என்று வீட்டுக்குப் போய்விட்டேன். என் காது நன்றாகத்தான் கேட்டது.